மரம் அறுக்கிற மிஷின் பிறந்தது ஆபரேஷன் மேஜையில்!

கோடையில ஏற்காடு போயிருக்கீங்களா? ஏரி, லேடீஸ் சீட் எல்லாம் பாத்துட்டு ரூமுக்கு வந்து படுத்தா, மறுநாள் காலையில எஸ்டேட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம் உங்களை எழுப்பிவிடும். மழைக்கு முன்னாடி காப்பிச் செடிகளுக்கு மேல நிக்கிற சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிப்பாங்க. முன்பு அரிவாள், கோடாலி. இப்போ பெட்ரோல் ரம்பம். ஊர்ல அதுக்குப் பேர் 'மரம் அறுக்கிற மிஷின்'.

இந்த த்ரெட் அந்த மிஷினோட கதை. கொஞ்சம் நீளம்தான், ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ, சேர்வராயன் மலையிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டு வந்தாங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் வரை சுமார் 30 கிலோமீட்டர். இடது கையில துண்டு சுத்தியிருந்தது. பிரிச்சுப் பாத்தா காயம் முழுக்கக் காப்பித்தூள்! காப்பி விளையற மலையில வேற என்ன வைப்பாங்க? அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு.

அவர் கையைத் தைத்த சீனியர், தையல் போட்டபடியே கேட்டார்: "இந்த மிஷினைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? நம்ம ஆளுங்கதான்யா!"

நம்ம ஆளுங்கன்னா தமிழர்கள் இல்லைங்க. டாக்டர்கள்.

18ஆம் நூற்றாண்டின் கடைசி. மயக்க மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு இருக்கு. சிசேரியன் பண்ணா தாய் பிழைப்பது அபூர்வம். குழந்தை இடுப்பில் சிக்கிக்கிட்டா என்ன செய்வது? 1777இல் பாரிஸில் சிகோ என்ற மருத்துவர், இடுப்பெலும்புகள் முன்பக்கம் சேரும் இணைப்பை வெட்டி வழியை அகலப்படுத்தினார். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. ஆனா கத்தியை வெச்சு அந்த இடத்தில வெட்டறப்போ, பக்கத்திலேயே சிறுநீர்ப்பை இருக்கே!

இதுக்காக எடின்பரோவைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், சைக்கிள் செயின் மாதிரி வளையக்கூடிய ஒரு ரம்பத்தை வடிவமைச்சார். 1785இல் வந்த அவரோட பிரசவ நூலில் அதன் படம் இருக்கு. ரெண்டு முனையிலும் கைப்பிடி. எலும்புக்கு அடியில நுழைச்சு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுக்கணும். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஜெஃப்ரேவும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்தார். அவர் நோக்கம் பிரசவம் இல்லை, கெட்டுப்போன மூட்டெலும்பை வெட்டி எடுப்பது.

இங்கே ஒரு வாட்ஸ்அப் வதந்தியை உடைச்சுட்டுப் போறேன். 'பிரசவத்துக்குப் பயன்படுத்திய ரம்பம்'னு ஒரு பயங்கரமான படம் சுத்துது இல்லையா, கைப்பிடியைச் சுத்தினா செயின் ஓடற மாதிரி? அது பிரசவத்துக்கானதே இல்லை. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே 1830இல் எலும்பு அறுக்கச் செய்தது. ஆனா இன்றைய மிஷினுக்கு உண்மையான தாத்தா அதுதான். தகட்டைச் சுத்தி ஓடும் செயின், அதில் பற்கள்.

அந்தக் கருவியில எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. சுத்தியிருக்கிற சதையில பல் படாம இருக்க, ஹைனே அதில் ஒரு காப்பும் வெச்சிருந்தார். இவ்வளவுக்கும் அது கையால சுத்தற, மெதுவா ஓடற கருவி!

அப்புறம் மரக்காரங்க கைக்குப் போச்சு. 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். 1929இல் பெட்ரோல். ரெண்டு பேர் சேர்ந்து பிடிக்கணும், அவ்வளவு கனம். 1950களில்தான் ஒரே ஆள் பிடிக்கிற அளவுக்கு இளைச்சது. நடுவுல அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ்னு ஒரு மரவெட்டி, மரத்தைக் குடையும் புழு எப்படி இடமும் வலமுமா மாத்திக் கடிக்குதுன்னு பாத்து, அதே மாதிரி பல் வெச்ச செயினை 1947இல் கொண்டு வந்தார். இன்னிக்கு ஓடற செயின்களில் பெரும்பாலானவை அந்தப் புழுவோட வாரிசுகள்தான்.

மிஷின் இளைச்சுது, வேகம் ஏறுச்சு. ஹைனே வெச்ச மாதிரி ஒரு காப்பு மட்டும் கூட வரலை.

வேகம்னா எவ்வளவு? பல் ஒரு செகண்டில் சுமார் 20 மீட்டர் ஓடும். ரம்பத் தகட்டோட மூக்கு நுனி இருக்கே, அதன் மேல்பாதி இன்னொரு கிளையில பட்டுச்சுன்னா பல் மாட்டிக்கும். ஓடற வேகம் முழுக்க மிஷினைத் தூக்கி, பிடிச்சிருக்கிறவர் முகத்துக்கே திருப்பி அடிக்கும். கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். "நான் ஜாக்கிரதையா இருப்பேன் சார்"ங்கிறது இங்கே செல்லாது. நம்ம மூளை அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதில்லை.

1970களின் தொடக்கத்தில்தான் இதுக்கு செயின் பிரேக் வந்தது. முன்கைப்பிடிக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் தகடு நிக்கும், பாத்திருப்பீங்க. மிஷின் எகிறும்போது கை அதில் மோதி, செயின் அந்த நொடியே நின்னுடும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும் அந்தத் தகடுக்குப் பின்னாடி எத்தனை முகங்கள், எத்தனை கழுத்துகள் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

ரத்தமே வராத காயம் ஒண்ணும் இருக்கு. அதைப் பத்தி யாரும் பேசறதில்லை.

1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றழுத்தச் சுத்தியல் பிடிக்கும் கல் தொழிலாளிகளைப் பரிசோதித்தார். குளிரில் அவங்க விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து மரத்துப் போச்சு. காரணம் அதிர்வு. விரலுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கொஞ்சம் கொஞ்சமா கெடுது. பெட்ரோல் ரம்பம் பரவினதும் ஜப்பானின் காட்டுத் தொழிலாளிகளிடம் இதே வெள்ளை விரல் பெருகியது. 1960களின் இறுதியில் அங்கே ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் மிஷின் பிடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்தது. கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவுல ரப்பர், ஸ்பிரிங் வெச்ச மிஷின்கள் வந்ததும் இதனாலதான்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். விடியற்காலை பனியில பைக் ஓட்டிட்டு வந்து, மிஷினைப் பிடிச்சு, நடுவுல ஒரு பீடியும் பத்த வெச்சா விரல் வெளுக்கத்தான் செய்யும். கேட்டா "குளிர்தான் சார்"னு சொல்லிடுவாங்க. மிஷின் பிடிக்கிறவர் உங்க வீட்டுல இருந்தா, விரல் வெளுக்குதா, ராத்திரி மதமதப்பா இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க. ஆரம்பத்திலேயே நிறுத்தினா ஓரளவு மீளும். முத்திப் போனா கஷ்டம்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். காப்பிக்கு நிழல் வேணும், நிழலை அளவா வெட்டணும், அதுக்கு ஆள் மரம் ஏறணும். சிக்கலே அதுலதான் இருக்கு. மரத்து மேல ஒரு கையில கிளையைப் பிடிச்சு, மறு கையில மிஷினைப் பிடிக்கிறாங்க. அது ரெண்டு கையால பிடிக்கிறதுக்குன்னே செய்த மிஷின். வலது கை பின்னால, இடது கை முன்னால, கட்டைவிரல் கைப்பிடியைச் சுத்தி இருக்கணும். தோளுக்கு மேல தூக்கி அறுக்கவே கூடாது. மரத்தில் கயிறு கட்டி உடம்பைத் தாங்க வெச்சாதான் ரெண்டு கையும் ஃப்ரீ ஆகும். கீழே ஒருத்தர் நிக்கணும், கிளை விழற இடத்தை விட்டுத் தள்ளி.

எஸ்டேட் ஓனர்களே, மிஷின் வாங்கறப்போ அதுக்குன்னு இருக்கிற கால்சட்டையையும் சேர்த்து வாங்கிக் கொடுங்க. செயின் பட்டா உள்ளிருக்கும் நீள நூல்கள் பிய்ஞ்சு வந்து பல்சக்கரத்தைச் சுத்தி மிஷினையே நிறுத்திடும். அப்படியே ஹெல்மெட், முகவலை, காதடைப்பான். லுங்கியில மிஷின் ஓட்டறதைப் பாக்கறப்போ எனக்கு வயிறு கலங்குது.

அப்படியும் பட்டுடுச்சா? சுத்தமான துணியை வெச்சு விடாம அழுத்துங்க, கையைத் தூக்கிப் பிடிங்க, 108க்குப் போன் போடுங்க. காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். விரல் துண்டாயிடுச்சுன்னா, சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வையுங்க. ஐஸ் நேரா விரல்ல படக் கூடாது. குளிரா வெச்ச விரலைப் பல மணி நேரம் கழிச்சும் சேர்க்கலாம், தசை அதிகமுள்ள பகுதின்னா சுமார் 6 மணி நேரம்தான். சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைசிகிச்சைக்குன்னே ஒரு துறையை உருவாக்கியவர். அந்தத் திறமை இன்னிக்கு நம்ம மாநிலத்துல இருக்கு. நீங்க விரலோட நேரத்துக்கு வந்து சேரணும், அவ்வளவுதான்.

அந்த இளைஞரை அப்புறம் ஓபியில பாத்தேன். ஆள்காட்டி விரல் மடங்கலை. "மிஷின்ல முன்னாடி ஒரு தகடு இருக்குமே, அது என்னாச்சு?"ன்னு கேட்டேன்.

"அதுங்களா சார்? சும்மா சும்மா ஆஃப் ஆவுதுன்னு வாங்கின வாரமே கழட்டி வெச்சுட்டோம். வீட்டுல பரண் மேல இருக்கு."