பூட்ஸ் வேண்டாம், பட்டி போதும்

ஜப்பானியர் ஆட்சிக்கால நாடகம் என்றாலே மாணவர்கள் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் கேட்கிறார்கள். அதற்காகப் பெற்றோர் கடன்பட வேண்டியதில்லை. உயரமான தோல் பூட்ஸ் பெரும்பாலும் அதிகாரிகளுடையது. 1942 ஜனவரியில் நம் ஜொகூரின் மூவார் ஆற்றைக் கடந்த ஜப்பானியக் காலாட்படையினர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை துணிப்பட்டிதான் சுற்றியிருந்தார்கள்.

பட்டி சுற்றுவது ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல. துணிப்பட்டையைக் குறிக்கும் ‘பட்டி’ என்ற இந்திச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘புட்டீ’ ஆனது. இந்தியாவிலிருந்த படைகளிடம் பார்த்து பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரின் (1914–1918) பதுங்குகுழிகளில் லட்சக்கணக்கான கால்களில் இருந்தது இதுதான்.

தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த பழைய எட்டு முழ வேட்டி போதும். 10 செ.மீ. அகலம், இரண்டரை மீட்டர் நீளத்தில் கிழித்து, ஒரு முனையில் நாடா தைக்கவும். பள்ளிக் காலணியின் மேல்விளிம்பை மூடித் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்கிற மாதிரி மேலே கொண்டுபோய்க் கட்டணும். ரொம்ப இறுக்கினால் கால் மரத்துப்போகும். தளர்த்தினால் மேடையிலேயே அவிழும். ஒரே வேட்டியில் ஐந்து பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிழிக்கலாம்.