ஆள் போன வீட்டு வாசல்

குறுந்தொகையின் 41ஆம் பாட்டைப் பாடியவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம். அது பெற்றோர் இட்ட பெயரன்று. இட்ட பெயர் மறைந்துபோக, பாட்டுக்குள் கிடந்த ஒரு தொடரையே எடுத்து, 'ஆர்' என்ற மரியாதை விகுதி சேர்த்துச் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய 40ஆம் பாட்டின் செம்புலப்பெயனீராருக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. அங்கே முன்பின் அறியாத இருவர் செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல் கலக்கிறார்கள். அடுத்த பாட்டிலேயே வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

முன்றில் என்பது வீட்டின் முன்னிடம். இல்லத்தின் முன் என்பதால் 'இல்முன்' என்று வரவேண்டியது, முன்பின்னாக மாறி, நடுவே ஒரு றகரமும் புகுந்து முன்றில் ஆயிற்று. இலக்கணப்போலிக்குப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டு இதுவே. இந்த றகரத்துக்கென்றே தொல்காப்பியத்தில் தனி நூற்பா உண்டு; மருவி வந்த பழைய மரபு என்கிறது அது. ஆக, தொல்காப்பியர் காலத்திலேயே இது பழஞ்சொல். பேசிப் பேசி வடிவம் மாறும் அளவுக்குப் புழங்கிய இடம். நெல் காயும், பிள்ளை தவழும், வந்தவர் உட்காருவார்.

அப்படிப்பட்ட இடத்தில் அணில் எப்படி ஆடும்? ஆள் இருந்தால் ஒரு மணியைக் கவ்விக்கொண்டு மரமேறிவிடும். எங்கள் ஊரில் பாட்டி இருந்தவரை அப்படித்தான் ஓடியது. வீட்டைப் பூட்டிய பிறகு ஒருமுறை போனேன்; திண்ணையில் இரண்டு அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. விரட்ட ஆளில்லை என்பதை அவை தெரிந்துகொண்டிருந்தன. பாட்டின் தலைவியும் அப்படியொரு வீடுதான்: காதலன் உடனிருந்தால் விழா நடக்கும் ஊர்போல் மகிழ்பவள், அவன் பிரிந்தால் பாலைவழிச் சிற்றூரில் மக்கள் விட்டுப்போன, அணில் ஆடும் முன்றில் கொண்ட வீடாகிவிடுகிறாள்.

அந்த வீட்டைப் பாட்டு 'புலப்பில்' என்கிறது; அந்தச் சொல்லுக்குள் 'புலம்பு' இருக்கிறது. இன்று புலம்பல் என்றால் வாய்விட்டு அரற்றுவது. தொல்காப்பிய உரியியலோ புலம்பு என்றால் தனிமை என்கிறது. தனிமையைக் குறித்த சொல், தனித்துப்போனவர் எழுப்பும் குரலுக்குப் பெயராகிவிட்டது. கேட்பாரற்ற பேச்சைத்தானே நாமும் புலம்பல் என்கிறோம்?

இப்படிப் பாட்டிலிருந்தே பெயர் பெற்ற இன்னொருவர், நற்றிணை 153ஆம் பாட்டுக்காரர் தனிமகனார். பகைவேந்தனால் கலங்கி ஊரே வெளியேறிய பின் பாழைக் காத்திருக்கும் ஒற்றை ஆள்தான் அந்தத் தனிமகன். நெஞ்சு காதலன் பின்னே போய்விட, இங்கே உண்டு கிடக்கும் தன் உடம்புக்குத் தலைவி சொல்லும் உவமை அவன். அவனே புலவருக்கும் பெயரானான்.

பெயர் தெரியாத குறையை மறைக்கப் போட்ட ஒட்டு என்று இப்பெயர்களைச் சிலர் ஒதுக்குவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. குலம், ஊர், ஆணா பெண்ணா எதுவும் அணிலாடு முன்றிலார் என்ற பெயரில் இல்லை. அவர் கண்ட வாசல் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்றில் என்ற சொல் வரும்போது இலக்கணப்போலி என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த அணிலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.