குதிகாலின் கதை



உயர்குதிச் சப்பாத்து முதலில் ஆண்களுடையது. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாதிருக்க அதை அணிந்தனர். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி செந்நிறக் குதியில் உலவினார்.

1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் ரப்பர் உலகெங்கும் சப்பாத்தின் அடிப்பகுதியாயிற்று. பேராக் தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மாவோ வெறுங்காலுடன் நடந்தார். ஈப்போவில் ஆசிரியர் பயிற்சியின்போது நான் உயர்குதி அணிந்ததைக் கண்டு பூரித்தார். என் இடுப்பு வலியை அவரிடம் மறைத்தேன்.

குதி உயர்ந்தால் உடற்பாரம் முன்பாதத்தில் இறங்கும். நாளடைவில் கெண்டைக்கால் தசை குறுகும். பணியிடத்தில் உயர்குதியைக் கட்டாயமாக்குவதற்குப் பிலிப்பீன்சு 2017இல் தடை விதித்தது. அணிய விரும்புவோர் தாழ்ந்த, அகன்ற குதியைத் தேர்க. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பார்க்க.

பல்லாண்டுக்குப் பின் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "வலித்தால் கழற்ற வேண்டியதுதானே, அம்மா" என்றார். இப்போது வகுப்பில் எனக்குத் தட்டைச் சப்பாத்துதான்.