வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்துடுச்சா? வக்கீலைப் பார்க்க சரியான நேரம் எது?

திடீர்னு வேலை போயிடுச்சு, இல்லைன்னா வீட்டில் பெரிய மருத்துவச் செலவு. இ.எம்.ஐ நின்னு போச்சு. தவணை 90 நாள்களைத் தாண்டி நிலுவையில் இருந்தால், உங்கள் கடன் வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்து வருவது, 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படியான நோட்டீஸ்.

இந்தச் சட்டத்தின்கீழ், வங்கி முதலில் வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை. வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும் அதிகாரம் வங்கிக்கே உண்டு. அதனால, 'கோர்ட்டுக்கு வரச் சொல்லட்டும், அப்புறம் வக்கீலைப் பாத்துக்கலாம்'னு காத்திருக்காதீங்க. இங்கே வழக்குப் போட வேண்டியது நீங்கள்தான்.

இந்த நாள் கணக்கை மறக்காதீங்க

* 60 நாள்: நோட்டீஸ் தேதியிலிருந்து பாக்கியைக் கட்ட கிடைக்கும் அவகாசம். வக்கீலைப் பார்க்க சரியான நேரமும் இதுதான். இதற்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பலாம்.
* 15 நாள்: ஆட்சேபத்தை ஏற்காவிட்டால், அதற்கான காரணத்தை வங்கி இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்.
* 45 நாள்: வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடுவதற்கான கெடு.
* ஏல அறிவிப்பு: இது வெளியாவதற்கு முன்பே முழு பாக்கியையும் செலவோடு கட்டினால், வீட்டை மீட்கலாம். 2016-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏலம் நடக்கும் நாள் வரை இந்த உரிமை நீடிப்பதில்லை.

எப்படிப்பட்ட வக்கீல் வேணும்?

உறவுக்காரர், தெரிஞ்சவர் என்பதைவிட, கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திய அனுபவம் முக்கியம். தமிழ்நாட்டில் இது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. 'சிவில் கோர்ட்டுல ஸ்டே வாங்கிடலாம்'னு ஒருவர் உறுதி கொடுத்தால் உஷார். இந்த விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிடுவதற்குச் சட்டமே பொதுவாகத் தடை போட்டிருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் கேளுங்க: நோட்டீஸில் உள்ள தொகை சரியா? வங்கி விதிப்படி நடந்திருக்கா? அசல், வட்டியில் 20 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் பாக்கியா? அப்படியென்றால் வங்கியால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தவே முடியாது. பேசி முடிக்க வழி இருக்கா? ஒரே தவணையில் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளும் சலுகையை வங்கியிடம் கேட்கலாம். ஆனால், அது உங்கள் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது.

போகும்போது கடன் ஒப்பந்தம், லோன் ஸ்டேட்மென்ட், வங்கிக்கு அனுப்பிய மெயில்கள், நோட்டீஸ் வந்த கவர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

ஃபீஸ் விஷயத்தில் கூச்சம் வேண்டாம்

மனு, வாய்தா, மேல்முறையீடு என எதற்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்க. 'ஜெயிச்சா இத்தனை பர்சென்ட்' என்று பேசுவதற்கு வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. வக்காலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. வெற்றுத் தாளில் போடவே கூடாது. 'பேங்க்ல ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்' என்று பணம் கேட்கும் புரோக்கர்களிடம் மாட்டிக்காதீங்க.

கையில் காசு இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.

இதைச் செய்யாதீங்க

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு நின்றுவிடாது. வீட்டுச் சுவரில் ஒட்டியும், பேப்பரில் போட்டும் வங்கி தெரியப்படுத்தலாம். நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. நோட்டீஸை வாங்கி, தேதியைக் குறித்து, அந்த வாரமே வக்கீலைப் பாருங்க. கெடு முடிந்து போனால், எவ்வளவு கெட்டிக்கார வக்கீலுக்கும் வழிகள் குறைந்துவிடும்.