லிவிங்ஸ்டன் ஹாலில் ஓர் அறை

அண்ணல் அம்பேத்கரின் கொலம்பியா நாட்களைப் பற்றிப் பேசும்போது நாம் பேராசிரியர்களைச் சொல்கிறோம், நூலகத்தைச் சொல்கிறோம். அவர் தங்கிய விடுதியைச் சொல்வதில்லை.

நியூயார்க்கின் மார்னிங்சைட் ஹைட்ஸ் பகுதிக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் 1897இல் இடம்பெயர்ந்தது. அந்த வளாகத்தின் முதல் மாணவர் விடுதிகளான ஹார்ட்லி ஹாலும் லிவிங்ஸ்டன் ஹாலும் 1905இல்தான் திறக்கப்பட்டன. 1913 ஜூலையில், பரோடா அரசின் உதவித்தொகையோடு வந்த 22 வயது அம்பேத்கர் முதலில் ஹார்ட்லியில் தங்கினார். சாப்பாடு ஒத்துவரவில்லை. இந்திய மாணவர்கள் இருந்த வேறோர் இடத்துக்கு மாறினார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு தங்கினார். பள்ளியில் தனிச் சாக்கு விரித்து உட்கார வைக்கப்பட்டவருக்கு அங்கே சக மாணவரோடு ஓர் அறை கிடைத்தது. பதேனாவின் நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது.

1917இல் பரோடாவில் அரசு அதிகாரியாகச் சேர்ந்த அதே அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அரசு பங்களா கேட்டு அவர் கொடுத்திருந்த மனுவோ அதிகாரிக்கு அதிகாரி கைமாறிக்கொண்டே இருந்தது.

இதனால் அமெரிக்காவைச் சொர்க்கமென்று நாம் எண்ணிவிட வேண்டாம். 1924இல் அதே கொலம்பியாவின் ஃபர்னால்ட் ஹாலில் பிரெடரிக் வெல்ஸ் என்ற கறுப்பின சட்ட மாணவர் தங்கியபோது, வெள்ளை மாணவர்கள் சிலர் அவரை வெளியேற்றச் சொன்னார்கள். விடுதிக்கு எதிரே சிலுவை கொளுத்தப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்ற மறுத்தது.

பாகுபாடு இரண்டு ஊரிலும் இருந்தது. ஓரிடத்தில் நிர்வாகம் மாணவர் பக்கம் நின்றது. இன்னோரிடத்தில் மனுவை அலையவிட்டது.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகமே வெளியேற்றியது. ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியை இழந்து, திறந்தவெளியில் 'வெலிவாடா' அமைத்து உறங்கினார்கள். வெலிவாடா என்றால் தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம்.

விடுதி அறையைச் சலுகை என்று சொல்பவர்களிடம் இந்த வரலாற்றை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். தலை சாய்க்க இடமில்லாதவருக்குக் கல்வி உரிமை என்பது வெறும் காகிதம்தான்.