இரண்டு கும்பார்வாடாக்கள்: வீட்டு அலங்காரச் சந்தைகளும் நகரம் வெளியேற்றிய நெருப்பும்

மும்பையில் கும்பார்வாடா என்ற பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று தென் மும்பையில், கிராண்ட் ரோடுக்கு அருகே. மற்றொன்று தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டி. ‘கும்பார்’ என்பது மராத்தியிலும் குஜராத்தியிலும் குயவரைக் குறிக்கும், ‘வாடா’ குடியிருப்பு. முதல் கும்பார்வாடாவில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. சக்கரமும் சூளையும் இல்லை. இரண்டாவதில் இன்றும் சூளை எரிகிறது. ஆண்டாப் ஹில்லின் அரசு ஊழியர் குடியிருப்புகளிலிருந்து அது மூன்று கிலோமீட்டர் அளவே. தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் வேண்டிய அகல்களையும், பால்கனிச் செடிக்கான தொட்டிகளையும், வரவேற்பறை மூலையில் நிறுத்தும் பெரிய சாடிகளையும் அங்கே நேரே குயவர் வீட்டு வாசலிலேயே வாங்கலாம்.

வீட்டை அழகுபடுத்துவோர் கனவு காணும் சந்தைகள் என உலகெங்கும் சில பெயர்கள் சொல்லப்படுகின்றன. கண்ணாடிக்கு வெனிஸின் முரானோ, பழம்பொருளுக்குப் பாரிஸின் சாந்துவான் ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறும். மும்பை பற்றிய கையேடுகளில் சோர் பஜாருடன் தாராவிக் கும்பார்வாடாவும் சேர்ந்துவிட்டது. அழகின் இருப்பிடங்களாக இன்று அறியப்படும் இவ்விடங்களின் தொடக்கத்தை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். நகரம் தன் நடுவில் வேண்டாம் என்று ஒதுக்கிய நெருப்பும் புகையும் குப்பையும் போய்ச் சேர்ந்த இடங்கள் இவை.

முரானோவின் கதை 1291இல் ஒரு திருப்பம் கொள்கிறது. மரக்கட்டடங்கள் நிறைந்த வெனிஸில் தீ பரவிவிடும் என்ற அச்சத்தால், கண்ணாடி உலைகள் நகருக்குள் இருக்கக் கூடாது என்று அவ்வாண்டு ஆணை பிறந்தது. உலைகள் அருகிலிருந்த முரானோ தீவில் குவிந்தன. நெருப்பை வெளியேற்றிய வெனிஸ் குடியரசு தொழிலைக் கைவிடவில்லை. கைவினைஞர்க்குச் சலுகைகள் அளித்தது. தொழில் இரகசியம் வெளியே போகாதபடி அவர்கள் அயல்நாடு செல்வதையும் தடுத்தது. அந்தக் காவல் ஒருவகைச் சிறையுமாகும். ஆயினும் தொழில் வேரூன்ற ஓர் உறுதியான இடம் கிடைத்தது. 1994இல் முரானோக் கலைக்கண்ணாடியின் வணிகக்குறியை ஒரு வட்டாரச் சட்டமே காக்கத் தொடங்கியது.

சாந்துவானின் தொடக்கம் குப்பையில் உள்ளது. பாரிஸ் வீதிகளில் கொட்டப்படும் கழிவைக் கிளறிக் கந்தலையும் உலோகத்தையும் எடுத்து விற்றோர் அந்நகரில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1883இன் இறுதியில் நகர நிர்வாகத் தலைவர் எஜென் பூபெல், ஒவ்வொரு கட்டடமும் மூடியுள்ள குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயரே ‘பூபெல்’ என்றாயிற்று. பிழைப்பு குன்றிய கந்தல் பொறுக்குவோர் பலர் கோட்டைச் சுவருக்கு அப்பால் கடை விரித்தனர். அங்கு வளர்ந்த சந்தையின் தொடக்க ஆண்டாக 1885 கூறப்படுகிறது. 2001இல் அச்சந்தை, அதன் சூழலுக்காகவே, பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்திற்கு அருவருப்பாயிருந்தது நூற்றாண்டு கடந்து நகரத்தின் மரபுச் செல்வமாயிற்று.

மும்பையில் இதே வெளியேற்றம் கொள்ளைநோயின் நிழலில் நிகழ்ந்தது. 1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்தல், அகன்ற சாலைகள் அமைத்தல், வடக்கே புதிய குடியிருப்புகள் உருவாக்குதல் ஆகியவை அதன் பணிகள். தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் ஒழுங்கான மனைகள் அத்திட்டங்களின் விளைவே. இதற்கு முன்னரே நாற்றமுடைய தொழில்கள் வடக்கு நோக்கித் தள்ளப்பட்டுவந்தன. தாராவியின் முதல் தோல் பதனிடும் ஆலை 1887இல் அங்குச் சென்றதாகக் கூறப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பலர் அத்தொழிலில் உழைத்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குயவர்களும், நகரம் வளர வளர ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம் மாறி, 1930களில் தாராவியில் நிலைகொண்டனர். தென் மும்பையின் கும்பார்வாடாவுக்குப் பெயர் தந்தவர்களும் இவர்களும் ஒரே குடிவழியினர் எனக் கொள்ள வேண்டியதில்லை. இரு இடத்தும் சூளை பெற்ற நடத்தை ஒன்றே.

அதே 1930களில் நகரத்தின் மறுமுனையில் வேறொரு காட்சி அரங்கேறியது. 1937 நவம்பரில் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் டவுன் ஹாலில் ‘இலட்சிய இல்லம்’ என்ற கண்காட்சியை நடத்தியது. பன்னிரண்டு நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதைக் கண்டனர். வரவேற்பறை, படுக்கையறை, சமையலறை எப்படி அமைய வேண்டும், அவற்றில் எத்தகைய மேசை நாற்காலிகள் இருக்க வேண்டும் என்பவை நடுத்தர வகுப்பினர்க்குக் காட்டப்பட்டன. வீட்டை அழகுபடுத்துதல் செல்வர்க்கு மட்டும் உரியதன்று, கற்றோர் அனைவரும் கைக்கொள்ள வேண்டிய பண்பு என்ற கருத்து அங்கே உருப்பெற்றது. மாட்டுங்காவில் தென்னிந்தியர் வேரூன்றியதும் இக்காலத்தில்தான். 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. வளைந்த பால்கனிகளும் வண்ணச் சிமெண்டுத் தரைகளும் கொண்ட புதிய கட்டடங்களில் பித்தளைக் குத்துவிளக்கும் இடம்பிடித்தது. இலட்சிய இல்லத்தை நகரம் அரங்கில் வைத்து வியந்த அதே பத்தாண்டில், அந்த இல்லத்தின் தண்ணீர்ப் பானையைச் செய்தவர் சதுப்புநிலத்தின் விளிம்பில் மண் மேடிட்டுக் குடியேறிக்கொண்டிருந்தார்.

கும்பார்வாடாவின் அமைப்பு அதன் தொழிலிலிருந்து பிறந்தது. வீட்டின் முன்புறம் விற்பனை. உள்ளே சக்கரமும் பிசைந்த களிமண்ணும். வீடுகளுக்கு இடையிலான திறந்தவெளியில் உலர்த்தும் இடமும், பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் செங்கல் சூளையும். பஞ்சுக் கழிவும் மரத்தூளும் எரிபொருள். ஆயிரத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் இவ்வாறு வாழ்கின்றன. இங்கு வீடு, பட்டறை, கடை என்ற மூன்றையும் பிரித்துக் காண இயலாது. பச்சைப் பானை வெயிலில் காய்வதற்குத் தரையும் வானமும் வேண்டும். அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் அவை கிடைக்கமாட்டா.

வெளியேற்றப்பட்ட தொழில்கள் பெயர்களை விட்டுச் செல்கின்றன. கொல்லர் பெயரைத் தாங்கிய மும்பையின் லோஹார் சால் இன்று மின்விளக்குச் சந்தை. சென்னையில் சூளை என்றொரு பகுதி உண்டு. அங்குச் சூளை இல்லை. அதன் அருகிலுள்ள கொசப்பேட்டையின் பெயரில் குயவர் ஒளிந்திருக்கின்றனர். குயவன் என்பதன் மறுவடிவம் குசவன். உயிர் ‘உசிர்’ ஆவது போன்ற யகர சகரத் திரிபு இது. குடம் பேச்சில் ‘கொடம்’ ஆவதுபோல் முதல் உகரம் ஒகரமாகக் குசவப்பேட்டை கொசப்பேட்டையாயிற்று. ஆனால் கொசப்பேட்டையில் பெயரோடு தொழிலும் ஓரளவு தங்கியுள்ளது. விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் மண்ணுருவங்கள் அங்கே இன்றும் உருவாகின்றன. இடப்பெயர் நிலைப்பதற்கு எவர் முயற்சியும் தேவையில்லை. தொழில் நிலைப்பதற்கு இடம் தேவை.

தாராவியில் இன்று கேள்விக்குள்ளாகியிருப்பது அந்த இடமே. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004இல் முன்வைத்தது. பல தடைகளுக்குப் பின் 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாகிப் பணி தனியார் குழுமம் ஒன்றிடம் சென்றது. ஒருகாலத்தில் நகரத்தின் விளிம்பாயிருந்த தாராவி, பாந்த்ரா குர்லா வளாகத்தின் வளர்ச்சியால் இன்று நகரத்தின் நடுவாகிவிட்டது. ஆகவே சூளையை வெளியேற்றும் தர்க்கம் மீண்டும் எழுகிறது.

அத்தர்க்கத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சூளைப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் குயவர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமே. கழிப்பறையும் காற்றோட்டமும் உள்ள வீட்டை விரும்பும் குயவரின் விருப்பத்தைப் புறக்கணித்து, பழமையின் அழகைப் போற்றுவது வரலாற்றுணர்வு ஆகாது. ஆனால் புகையை நீக்குவது வேறு, சூளையை நீக்குவது வேறு. முரானோவின் உலைகள் விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறின. தீவை விட்டு நீங்கவில்லை. திறந்த முற்றம், பொதுச் சூளை, தரைத்தளப் பட்டறை ஆகியவற்றுக்குப் புதிய வரைபடத்தில் இடம் ஒதுக்குவது பொறியியலுக்கு அரிய செயலன்று. குயவரின் வாழிடத்தை அளக்கும்போது அவர் உறங்கும் பரப்பை மட்டும் அளப்பதா, பானை உலரும் பரப்பையும் சேர்த்து அளப்பதா என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது.

முதலாவது அளவை ஏற்கப்பட்டால், தொண்ணூறடிச் சாலையில் வருங்காலத்தில் ஓர் அடுக்குமாடிக்கோ பேருந்து நிறுத்தத்திற்கோ கும்பார்வாடா என்று பெயர் இருக்கும். ஆண்டாப் ஹில்லிலிருந்து கார்த்திகை அகல் வாங்கச் செல்வோர் அந்நிறுத்தத்தில் இறங்காமல் கடந்து செல்வர்.