வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு... கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகுது? சேலம், நாமக்கல் கிராமங்களுக்கு ஏன் இது முக்கியம்?

பாத்திரம் கழுவுற தண்ணி, துணி துவைக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி... இதெல்லாம் தெருவுல ஓடி எங்கேயோ போயிடும்னுதான் நினைக்கிறோம். ஆனால் பாதாள சாக்கடை இல்லாத கிராமத்தில் அது எங்கேயும் போவதில்லை. பக்கத்துக் கிணற்றுக்கே திரும்பி வர வாய்ப்புண்டு. எப்படி?

எவ்வளவு தண்ணீர்?

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிவுநீராக வெளியே வரும். அப்படியென்றால் 1,000 பேர் வாழும் ஊரில் தினமும் சுமார் 36,000 லிட்டர்!

பாறை நிலத்தில் என்ன சிக்கல்?

சேலம், நாமக்கல் பகுதி பெரும்பாலும் கடும்பாறை நிலம். மண் ஆழமாக இருந்தால் கழிவுநீரை ஓரளவு வடிகட்டிவிடும். பாறை வெடிப்புக்குள் இறங்கும் நீருக்கு அந்த வடிகட்டல் கிடைக்காது. கிணறும் போர்வெல்லும் தண்ணீர் எடுப்பதும் அதே வெடிப்புகளில் இருந்துதான். கழிப்பறைக் கழிவு கலந்தால் நைட்ரேட் கூடும். குடிநீரில் இதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. முக்கியமா ஒண்ணு: தண்ணீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

தீர்வு என்ன?

முதல் விதி, இரண்டையும் கலக்கக் கூடாது. சமையலறை, குளியல் தண்ணீர் தனி. கழிப்பறைக் கழிவு தனி.

வீட்டுக்கு உறிஞ்சுகுழி: சுமார் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல் என நிரப்ப வேண்டும். சோற்றுப் பருக்கை, எண்ணெய், மண்ணைப் பிடிக்க முன்னால் ஒரு சின்னத் தொட்டி அவசியம். இது இல்லாவிட்டால் குழி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கணும்.

மண் குறைவான தெருக்களுக்கு: எல்லா வீட்டுத் தண்ணீரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சரளைக்கல் படுகையில் கல்வாழை, கோரை வளர்த்து அதன் வழியே விடலாம். வேரும் நுண்ணுயிரிகளும் அழுக்கைக் குறைக்கும். மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை.

கழிப்பறைக்கு: மண் ஆழமுள்ள இடத்தில் இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் அடுத்ததுக்கு மாற்றிவிட்டால், முதல் குழியில் இருப்பது இரண்டு ஆண்டுகளில் மட்கி எருவாகிவிடும். செப்டிக் டேங்க் என்றால் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரம் மூலம் அள்ள வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும்.

ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர்?

இந்த மாவட்டங்களுக்கே உரிய பிரச்னை இது. மரவள்ளிக்கிழங்கு கழுவி மாவு பிரித்த தண்ணீரில் ஸ்டார்ச் அதிகம். அது புளித்து நாறும். ஓடையில் கலந்தால் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அதே தண்ணீரை மூடிய கலனில் நொதிக்க விட்டால் எரிவாயு கிடைக்கும். சில ஆலைகள் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. ஆனால் வீட்டுத் தண்ணீருக்கான குழியும் படுகையும் இந்தக் கழிவைத் தாங்காது.

பணம் யார் தருவார்கள்?

2020-ல் வந்த தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிப்படி, 5,000 பேர் வரையுள்ள கிராமத்துக்கு வீட்டுக் கழிவுநீர் மேலாண்மைக்காகத் தலைக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கலாம். 3,000 பேர் உள்ள ஊருக்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 8.4 லட்சம் ரூபாய்.

கட்டுவது ஒருமுறை, தொட்டியில் சேரும் கசடை அள்ளுவது வாராவாரம். அந்த வேலை யாருடையது, அதற்குச் சம்பளம் எங்கிருந்து என்பதை முடிவு செய்யாத ஊரில் எந்தக் குழியும் நிலைக்காது. அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.